முப்பதாவது வாரத்தில் பிறந்த மகள்

போன வருஷம் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்கு வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம், ஏழாம் மாதம். ஐந்து வகைச் சோறு கட்டி, தாய்மாமன் சீர் வைத்து, இரண்டு கையும் கொள்ளாத அளவுக்குக் கண்ணாடி வளையல் போட்டு, சாயங்காலமே அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நான் விருதுநகரில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பங்குனி கடைசியில் குழந்தை பிறக்கும் என்று தேதி கொடுத்திருந்தார்கள். இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறதே, அதற்குள் தொட்டில், கொசுவலை, பிரசவச் செலவுக்குப் பணம் எல்லாம் சேர்த்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன். வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அத்தை போன் செய்தார். "மாப்ளே, விடியக்காலமே அவளுக்குத் தண்ணியா போயிட்டிருக்கு. ஒண்ணுக்குன்னு நெனச்சு சேலைய மாத்திட்டுப் படுத்துட்டா. இப்ப நிக்கவே மாட்டேங்குது."

விடியக்காலம் என்றால் நான்கு மணி. பனிக்குடம் உடைந்து ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. வலி இல்லாததால் யாரும் பதறவில்லை. வலி வந்தால்தான் பிரசவம் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம், நானும் அப்படித்தான். இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் கதையில் முதல் தவறு இங்கே நடந்தது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: அடக்க முடியாமல் தண்ணீர் கசிந்தால், மணி என்ன என்று பார்த்துக்கொண்டு, ஒரு நாப்கினை வைத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். வலி வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது. தண்ணீர் என்ன நிறம், வாடை இருக்கிறதா என்பதை மட்டும் கவனித்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். முன்னாடி தண்ணீர் போக ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் தாய்க்கும் பிள்ளைக்கும் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

நான் பைக்கில் போய்ச் சேரும்போது அவளை அருப்புக்கோட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தார்கள். ஸ்கேனில் 30 வாரம் 2 நாள், குழந்தை கால் முன்னாடி இருக்கிறது, தண்ணீர் குறைந்துவிட்டது என்றார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக ஒரு ஸ்டெராய்டு ஊசி போட்டார்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி போட்டால்தான் முழுப்பலன், அதுவரை பிரசவத்தைத் தள்ளிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். அங்கே குறைமாதக் குழந்தையை வைத்துப் பார்க்க வசதி இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எங்கள் கதை வேறாகப் போயிருக்கும். காலை பத்தரையிலிருந்து ராத்திரி பதினொன்று வரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அவள் அந்தக் கட்டிலில் படுத்திருந்தாள். மதுரை ஐம்பது கிலோமீட்டர்தான். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கூட்டிப்போயிருக்கலாம். தாயின் வயிற்றைவிடப் பாதுகாப்பான இன்குபேட்டர் எந்த ஆம்புலன்ஸிலும் கிடையாது என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். இதை வாசிப்பவர்களை என் தம்பி, தங்கை என்று நினைத்துச் சொல்கிறேன்: ஆறாம் மாதம் முடிவதற்குள் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குறைமாதக் குழந்தைக்கான என்ஐசியு, அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு, எங்கே இருக்கிறது, அரசு மருத்துவமனையில் எங்கே இருக்கிறது, தனியாரில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் முதல் மாதத்திலேயே கேளுங்கள்: "மாசம் முந்திப் பிறந்தா இங்கேயே வச்சுப் பாப்பீங்களா, இல்ல அனுப்புவீங்களா?" அனுப்புவோம் என்றால் எங்கே, எந்த வாரத்துக்கு முன்னால் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ராத்திரி வலி பிடித்துவிட்டது. அதுவரை இரண்டு ஊசிதான் போட்டிருந்தார்கள். கால் முன்னாடி இருப்பதால் ஆபரேஷன் என்றார்கள். தியேட்டருக்குள் போகும்முன் வளையலைக் கழற்றச் சொன்னார்கள். கை வீங்கியிருந்தது, ஒன்றும் கழலவில்லை. சிஸ்டர் அவள் மணிக்கட்டில் துணியைச் சுற்றி, கத்தரிக்கோலின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்தார். நான்கு நாள் முன்பு போட்ட வளையல். சிவப்பும் பச்சையுமாகச் சில்லுகள் கிட்னி ட்ரேயில் விழுந்தன. அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். என் மனைவி அழவில்லை. என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லங்க?" என்றாள். நான் அப்போது சொன்ன பதிலை இன்று வரை மன்னிக்க முடியவில்லை. "நீ என்ன பண்ணுன? ஏதாவது தூக்குனியா?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் தூக்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட குறைப்பிரசவங்களுக்கு இதுதான் காரணம் என்று டாக்டர்களாலேயே சொல்ல முடிவதில்லை. தொற்று, ரத்தக்கொதிப்பு, இரட்டைப்பிள்ளை என்று சில காரணங்கள் உண்டு, பலருக்கு ஒன்றுமே இருக்காது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்திருக்கின்றன, அதில் ஏறத்தாழ 30 லட்சம் நம் நாட்டில். அத்தனை தாய்மாரும் எதையோ தூக்கிவிட்டார்களா? இந்தக் கணக்கு எனக்கு அன்று தெரிந்திருந்தால் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்திருக்காது.

பதினொன்று இருபதுக்குப் பெண் பிறந்தாள். 1 கிலோ 280 கிராம். ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அழுகை என்று சொல்ல முடியாது, பூனைக்குட்டி முனகுவதுபோல. ஊரிலிருந்த குழந்தை டாக்டர் வீட்டிலிருந்து வந்து பார்த்தார். குழந்தை மூச்சு விடும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்தது. "மூச்சுக்கு ரொம்பக் கஷ்டப்படுது, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்க" என்றார். தனியார் ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம், வாடகை 8,500 ரூபாய். 108லேயே பச்சிளங்குழந்தைகளுக்கென்று இன்குபேட்டர், மூச்சுக்கருவியுடன் தனி வண்டிகள் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதென்றால் அதற்கு ஒரு பைசா செலவில்லை. 108ஐ அழைக்கும்போதே "குறைமாதக் குழந்தை, எடை இவ்வளவு, மூச்சுத் திணறல்" என்று சொல்லிக் கேட்க வேண்டும். அந்தத் தனியார் ஆம்புலன்ஸில் குழந்தையோடு நான் மட்டும் போனேன். மனைவி தியேட்டரில், அத்தை அவளோடு. என் அப்பா அம்மா இரண்டு பேரும் உயிரோடு இல்லை, அண்ணன் சவுதியில். கையில் 11,000 ரூபாயும் பாதி சார்ஜ் உள்ள போனும் இருந்தன.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டேகால் மணிக்குச் சேர்த்தோம். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது, சூடேற்றுவதற்கே நேரமானது. அட்வான்ஸ் 60,000 கட்டச் சொன்னார்கள். இரவு இரண்டரை மணிக்கு என் சிநேகிதன் ஒருவன் தூக்கத்திலிருந்து எழுந்து 40,000 ரூபாய் ஜிபே பண்ணினான், மிச்சத்துக்கு விடியும்வரை தவணை கேட்டேன். பிறகு ஒரு படிவத்தில் கையெழுத்து. நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் விரிய வைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற மருந்தை மூச்சுக்குழாய்க்குள் விட வேண்டும், ஒரு குப்பி 17,000. மூக்கில் குழாய் வைத்துக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவி. இவை போக, தினமும் 16,000லிருந்து 19,000 வரை பில் ஏறியது. இந்த இடத்தில் நான் பேசக்கூட நாதியில்லாமல் நின்றேன், அதனால் பணத்தைப் பற்றி ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தது. அதற்கு மாதச் சம்பள வரம்பு 21,000. முந்தின வருஷம் சம்பளம் 24,000 ஆனதும் அதிலிருந்து வெளியே வந்துவிட்டேன். சம்பளம் கூடியதில் சந்தோஷப்பட்டேனே தவிர, அதற்குப் பதில் என்ன என்று யோசிக்கவில்லை. ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ஒரு குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தேன். அதில் பிரசவத்துக்கு மூன்று வருஷம் காத்திருப்பு, பிறந்த குழந்தை 90 நாள் கழித்துத்தான் பாலிசிக்குள் வரும். அதாவது எங்களுக்குத் தேவைப்பட்ட அந்தத் தொண்ணூறு நாளுக்குத்தான் அது இல்லை. கல்யாணம் ஆனவர்கள், ஆகப்போகிறவர்கள் பாலிசி வாங்கும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு, குழந்தைக்கு முதல் நாளிலிருந்து காப்பு உண்டா. பதிலை வாயால் கேட்காமல் பாலிசித் தாளில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டும், எங்களுக்கு அது பொருந்தவில்லை. பொருந்துகிறவர்கள் கர்ப்பமானதுமே அட்டையைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஐசியு வாசலில் ஒரு நீள பெஞ்ச். அங்கேதான் எட்டு நாள். காலையும் மாலையும் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். முழங்கை வரை கை கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு போனால், சூடு கொடுக்கும் வார்மருக்கு அடியில், என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளம்கூட இருக்க மாட்டாள். தோல் வெங்காயச் சருகு மாதிரி, உள்ளே நரம்பு தெரியும். டயப்பரை மடித்து மடித்துக் கட்டியும் கக்கத்தை எட்டியது. மூன்றாம் நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் 92லிருந்து 70க்கு இறங்கிச் சத்தம் போட்டது. அவள் மூச்சை நிறுத்திவிட்டாள். சிஸ்டர் ஓடிவரவில்லை, நடந்து வந்து உள்ளங்காலில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். நெஞ்சு திரும்ப ஏறி இறங்கியது. "மூச்சு விடணும்னு மறந்துருவாங்க சார், குறைமாசத்துப் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான். அதுக்குத்தான் காஃபின் குடுக்கிறோம்" என்றார். காபியில் இருக்கும் அதே காஃபின்தான், மருந்தாகக் கொடுக்கிறார்கள். அன்று வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். அந்த அலாரம் எப்போது பயப்பட வேண்டியது, எப்போது சாதாரணம் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பயம் இருந்திருக்காது. கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். ஒரு நோட்டு வாங்கி அன்றன்றைய எடை, பால் அளவு, மூச்சுக்கு என்ன கருவி, டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதினேன். ஐந்தாம் நாளிலிருந்து ரவுண்ட்ஸ் டாக்டர் என் நோட்டைப் பார்த்ததும் நின்று பேச ஆரம்பித்தார்.

பால் விஷயத்தில் நாங்கள் இழந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. குழந்தை மதுரையில், தாய் அருப்புக்கோட்டையில். பிள்ளை பக்கத்தில் இல்லாததால் பால் எடுப்பதைப் பற்றி யாரும் அவளிடம் பேசவில்லை. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்ச ஆரம்பித்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம், ராத்திரியிலும் விடாமல் எடுக்க வேண்டும், அப்போதுதான் பால் ஊறும், முதலில் வரும் சீம்பால் சொட்டுக் கணக்கில் இருந்தாலும் இப்படிப்பட்ட குழந்தைக்கு அதுதான் மருந்து என்று மதுரை சிஸ்டர் சொன்னது மூன்றாம் நாள். உடனே அத்தைக்குப் போன் போட்டேன். அன்று ராத்திரி 5 மில்லி சிரிஞ்சில் பாதிகூட நிறையாத மஞ்சள் பால் கிடைத்தது. நான் மதுரையிலிருந்து கடைசி பஸ்ஸில் போய், சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஐஸ் போட்டு, சிரிஞ்சை மூடி அதற்குள் வைத்து, அதிகாலை முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெளியில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம்வரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டரை மில்லி. குழாய் வழியாக ஒரு தடவைக்கு ஒரு மில்லிதான் கொடுத்தார்கள், அதனால் அது இரண்டு வேளைக்கு வந்தது. மூன்று நாள் அப்படித்தான் போய் வந்தேன். பல அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, வேறு தாய்மார் கொடுத்த பாலைப் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். தாய்க்குப் பால் வரும்வரை அதைக் கேட்டு வாங்கலாம்.

ஆறாம் நாள் தையல் வலியோடு என் மனைவி மதுரைக்கு வந்தாள். முதல்தடவை பிள்ளையைப் பார்த்தவள் தொடப் பயந்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "என் பிள்ளைதானாங்க?" என்று கேட்டாள். அதைக் கேட்டு என் அக்கா முறையுள்ள ஒருவர் முகம் சுளித்தார். தாய் தன் பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்பது பாசம் இல்லாமல் அல்ல, ஆறு நாள் பிரித்து வைத்ததால் வருவது. சொந்தக்காரர்கள் வேறு ஆளுக்கொன்று சொன்னார்கள். வளைகாப்பில் கண் பட்டுவிட்டது என்றார் ஒருவர். எட்டாம் மாதப் பிள்ளை தங்காது, ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், இது எந்தக் கணக்கு என்று அவள் காதுபடவே விரல்விட்டு எண்ணினார் இன்னொருவர். அதில் உண்மை இல்லை, ஒவ்வொரு வாரம் கூடக் கூடப் பிழைக்கும் வாய்ப்பும் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னதை நானே எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். அதன்பிறகு இரண்டு வாரத்துக்குப் பார்க்க யாரும் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். சிலருக்கு வருத்தம். பரவாயில்லை.

அதே ஆறாம் நாள் சிபாப் எடுத்துவிட்டார்கள். அப்போது பில் 1,70,000ஐத் தாண்டிவிட்டது. நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து 1,60,000, போதாததற்கு மூன்று வட்டிக்கு 50,000. பெஞ்சில் பக்கத்தில் இருந்த கமுதிக்காரர் ஒருவர்தான் கேட்டார்: "தம்பி, மூச்சுக் கருவி எடுத்தாச்சுல்ல, ஏன் பெரியாஸ்பத்திரிக்கு மாத்தல?" எனக்கு அந்த எண்ணமே வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மனைவி வீட்டில் என்ன நினைப்பார்கள், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணத்துக்குப் பார்த்துக் கொன்றுவிட்டான் என்று சொல்வார்களே என்ற பயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தேன். டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு அனுப்புறேன், நானே பேசிப் படுக்கை இருக்கான்னு கேட்டுச் சொல்றேன்" என்றார். எட்டாம் நாள் மாற்றினோம். படுக்கை இருப்பதை உறுதி செய்யாமல், கடிதம் வாங்காமல், சூடு குறையாமல் கொண்டுபோக ஏற்பாடு இல்லாமல் கிளம்பிவிடக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. தனியாரில் கட்டினது மொத்தம் 2,14,000. நர்சிங் ஹோமில் 62,000, ஆம்புலன்ஸ் 8,500, பஸ், சாப்பாடு, மருந்து, ரூம் என்று 21,000. ஆக 3,05,500. இது தவிர, லீவு போட்டதில் 31,000 சம்பளம் போனது. முதல் இரவே 108இல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் அந்த 2,14,000 மிச்சம். தனியாரில் என் பிள்ளையைக் காப்பாற்றினார்கள், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் எனக்கு வேறு வழி இருந்தது என்பதே தெரியாமல்தான் அந்தக் கையெழுத்தைப் போட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் கூட்டம், ஒரே கூடத்தில் அத்தனை வார்மர், வெளியே படுக்க இடம் கிடைப்பது பாடு. எல்லாம் உண்மைதான். அங்கேதான் என் பிள்ளையை நான் முதன்முதலாகத் தூக்கினேன். என் மனைவிக்குக் காய்ச்சல் வந்த ஒரு மத்தியானம் சிஸ்டர் என்னைப் பார்த்து, "அப்பா, சட்டையைக் கழட்டிட்டு வாங்க. அம்மாவுக்கு முடியலன்னா நீங்க வைக்கணும்" என்றார். சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்ட பிள்ளையை என் வெறும் நெஞ்சில், தவளைக்குஞ்சு மாதிரிக் கைகால் மடக்கி, தலையை ஒருபக்கம் திருப்பி வைத்து, மேலே ஒரு துணியால் சேர்த்துக் கட்டினார். எடை தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. அவள் மூச்சு என் நெஞ்சு முடியில் பட்டு, நின்று, பட்டு, நின்று, கொஞ்ச நேரத்தில் ஒரே சீராக வந்தது. மானிட்டரில் எண் 96. நான் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கால் மரத்துப்போனது. இதற்குக் கங்காரு முறை என்று பெயர். 1978இல் கொலம்பியா நாட்டு பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் ஆரம்பித்த பழக்கம். இப்போது, பிறந்த உடனேயே இன்குபேட்டரில் போடும் முன்பே இதைத் தொடங்கலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. முதல் எட்டு நாள் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அந்த நேரமெல்லாம் இப்படி இருந்திருக்கலாமே என்று தோன்றியது. உங்கள் குழந்தை இருக்கும் இடத்தில் அவர்களாகச் சொல்லாவிட்டாலும், "கங்காரு முறையில எப்ப வைக்கலாம், அப்பா வைக்கலாமா?" என்று தினமும் கேளுங்கள்.

அங்கே 27 நாள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்தது, நடுவில் தொற்று வந்து மூன்று நாள் பாலை நிறுத்தியது, உச்சிக்குழி வழியாக மூளை ஸ்கேன் எடுத்தது எல்லாம் கடந்துபோயின. குழாயிலிருந்து பாலாடைக் கிண்ணத்துக்கு மாறியபோது ஒரு வேளைப் பாலை முடிக்க அரைமணி நேரம் ஆனது. 1 கிலோ 720 கிராமில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதற்கிடையில் பிறப்புப் பதிவு. குழந்தை மதுரையில் இருந்தாலும், பிறந்தது அருப்புக்கோட்டையில் என்பதால் அங்கேதான் பதிய வேண்டும். 21 நாளுக்குள், கட்டணம் இல்லை, பெயர் வைக்காவிட்டாலும் பதியலாம், ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். கிராம சுகாதார செவிலியர் கொடுத்த பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தைப் பதிந்த எண், கேட்பார்கள். அந்த நம்பரை இப்போதே போனில் படம் எடுத்து வையுங்கள், எங்களுடையது வளைகாப்புச் சீர்ப் பைக்குள் மாட்டிக்கொண்டு தேடாத இடமெல்லாம் தேடினோம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் என்று நான் நினைப்பது கண். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு விழித்திரை ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது, அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையே போய்விடலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே இருக்கும். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ 30 நாளுக்குள் கண் டாக்டர் பார்க்க வேண்டும், ரொம்பச் சின்னப் பிள்ளைக்கு இன்னும் முன்னால். என் மகளுக்கு 27ஆம் நாள் வார்டிலேயே பார்த்தார்கள். முதல் நிலை, தானாகச் சரியாகலாம், இரண்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. சிஸ்டர் அதை அடிக்கோடிட்டுத் தமிழில் தேதி எழுதிக் கொடுத்தார், இல்லாவிட்டால் நான் கவனித்திருக்க மாட்டேன். அந்தத் தேதி வந்தபோது அத்தை ஒரே பிடிவாதம். "பச்ச மண்ண வெயில்ல தூக்கிட்டு அவ்வளவு தூரம் போகணுமா? கண்ணு நல்லாத்தானே முழிக்குது?" அவர் மேல் தப்பில்லை, அவ்வளவு நாள் பட்ட பாட்டில் பிள்ளையை வாசல்படி தாண்ட விட மனம் வரவில்லை. வெயிலுக்கு முன் காரில் போகிறோம், அத்தையும் கூட வரட்டும் என்று சொல்லிக் கிளப்பினேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணிமையைக் கருவியால் விரித்துப் பார்க்கும்போது பிள்ளை வீறிட்டதைக் கேட்டு அத்தை வெளியே போய்விட்டார். நான்கு தடவை போனோம். நான்காம் தடவை, குழாய்கள் முழுதாக வளர்ந்துவிட்டன என்றார்கள். முற்றியிருந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசரோ ஊசியோ போட வேண்டி வந்திருக்கும், ஒரு வாரம் தள்ளிப்போட முடியாது. காது பரிசோதனையும் அதேபோல், வீட்டுக்கு வரும்முன் கேட்டு எடுத்துவிடுங்கள்.

இன்று அவளுக்கு ஒரு வயது மூன்று மாதம். ஆறாம் மாதத்தில் "இன்னும் குப்புற விழலையா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி என் மனைவி ஓய்ந்துபோனாள். பத்து வாரம் முந்திப் பிறந்தவளுக்கு இரண்டரை மாதத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியைக் கணக்குப் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் அப்படிக் கழிக்கக் கூடாது, பிறந்த தேதிப்படியே போட வேண்டும். போன மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வட்டிக் கடனை அடைத்துவிட்டேன், நகை இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. தியேட்டர் வாசலில் கேட்ட அந்தக் கேள்விக்கு என் மனைவியிடம் ஆறு மாதம் கழித்துத்தான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் கண்ணை இன்னும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை மதுரைக்குப் போகிறோம். கடையில் லீவு சொல்லியாகிவிட்டது, நோட்டையும் எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை அத்தை தானாகவே கிளம்பி நிற்கிறார்.